குவார்க்குக்குச் சிவப்புப் பூசியது யார்?

புரோட்டான் எப்படி இருக்கும் என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த படங்கள்தான் வந்து விழும். கண்ணாடி மாதிரி ஒரு பெரிய உருண்டை. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன உருண்டைகள்; புரோட்டானின் உட்கூறுகளான குவார்க்குகள் அவை. அவற்றுக்கிடையே சுருள்கம்பிகள். ஒவ்வொரு உருண்டையின் தோளிலும் ஜன்னல் வெளிச்சம் பட்டதுபோல் ஒரு வெள்ளைப் பளபளப்பு.

அந்தப் பளபளப்பிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் படத்தின் முதல் பொய் அதுதான். பளபளப்பு என்பது விளக்கின் பிம்பம். ஒரு பொருள் ஒளியை அப்படித் திருப்பியனுப்ப வேண்டுமென்றால், அது ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர். புரோட்டானின் குறுக்களவு சுமார் 1.7 ஃபெம்டோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு ஃபெம்டோமீட்டர். வகுத்துப் பார்த்தால் அலை புரோட்டானைவிட 29 கோடி மடங்கு நீளம். புரோட்டானை ஒரு மில்லிமீட்டர் ஆக்கினால், அதன்மீது வந்து மோதும் ஒளியலை 290 கிலோமீட்டர் நீளமாக இருக்கும். கடுகைவிடச் சிறிய ஒன்று இருந்ததே அந்த அலைக்குத் தெரியாது.

ஆகவே 'நிஜத்தில் இது எப்படித் தோன்றும்' என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. தோற்றம் என்பது ஒளியும் பரப்பும் சேர்ந்து உண்டாக்குவது. அணுவுக்குக் கீழே அந்தக் கூட்டணி கலைந்துவிடுகிறது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, 'எல்லாப் படமும் கற்பனைதான்' என்று கையைக் கழுவுவது சோம்பேறித்தனம். இந்தப் படங்களில் சில அளந்து எடுத்த பதிவுகள். சில கணக்குப் போட்டு வரைந்தவை. சில வெறும் அலங்காரம். மூன்றும் ஒரே பளபளப்போடு ஒரே காணொளியில் அடுத்தடுத்து வரும்போதுதான் குழப்பம். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: எந்த அளவீடு இந்தப் படத்தில் எந்தப் புள்ளியாக, எந்த நிறமாக மாறியிருக்கிறது?

முதலில் அளவுக் கணக்கை முடித்துவிடலாம். எளிய அணுவான ஹைட்ரஜனில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த தொலைவு, அதாவது இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பெயரிலுள்ள போர் ஆரம், 53 பிகோமீட்டர் (ஒரு பிகோமீட்டர் 1,000 ஃபெம்டோமீட்டர்). புரோட்டானின் மின்னூட்ட ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர். விகிதம் சுமார் 63,000. கணினித் திரையில் புரோட்டானை ஒரே ஒரு பிக்சலாக வைத்தால், அணுவின் குறுக்களவு 63,000 பிக்சல். 1,920 பிக்சல் அகலமுள்ள திரைகளை அடுத்தடுத்து வைத்தால் 33 திரை வேண்டும். சின்னங்களிலும் பாடநூல் அட்டைகளிலும் கரு அணுவின் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும். அது தவிர்க்க முடியாத பொய். இல்லையென்றால் கருவே தெரியாது. 'அளவு விகிதப்படி இல்லை' என்று ஓரத்தில் ஒரு வரி போட்டால் மன்னித்துவிடலாம்.

எலக்ட்ரானைப் புரோட்டானைவிடச் சிறிய உருண்டையாக வரைவதை அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியாது. நிறை 1,836இல் ஒரு பங்கு என்பது உண்மை. அந்த நிறை விகிதத்தைப் படம் வரைபவர் உருவ விகிதமாக மாற்றிவிடுகிறார். எலக்ட்ரானுக்கு அளந்து சொல்லக்கூடிய ஆரம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. சோதனைகள் தருவதெல்லாம் 'இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது' என்ற உச்சவரம்பு மட்டுமே. அதுவும் புரோட்டானின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 'அணுவில் பெரும்பகுதி வெற்றிடம்' என்ற புகழ்பெற்ற வாக்கியமும் இந்த உருண்டைப் படத்திலிருந்து பிறந்ததுதான். எலக்ட்ரானை உருண்டையாக நினைத்தால்தான் மிச்சமுள்ள இடம் காலி. அலையாக நினைத்தால் அந்த இடம் முழுக்க அதுவே பரவியிருக்கிறது.

புள்ளி போட்டு மேகம் செய்வது

போர் 1913இல் தந்த வட்டப்பாதை மாதிரியை 1926இல் ஷ்ரோடிங்கரின் அலைச்சமன்பாடும், அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் அதற்குத் தந்த நிகழ்தகவு விளக்கமும் ஓரங்கட்டின. சின்னங்களில் மட்டும் அந்த வட்டப்பாதை இன்னும் ஓய்வு பெறவில்லை. அதற்குப் பதிலாக வந்த 'எலக்ட்ரான் மேகம்' படம் கணக்கிட்டு வரையும் வகை. சரியாகச் செய்தால் மிக நேர்மையான படம். ஆனால் சரியாகச் செய்யப்பட்டதைவிடத் தவறாகச் செய்யப்பட்டதே அதிகம் கண்ணில் படுகிறது. அதனால் செய்முறையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஹைட்ரஜனின் மிகக் குறைந்த ஆற்றல்நிலைக்கு, அதாவது 1எஸ் ஆர்பிட்டாலுக்கு (ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் அலை பரவியிருக்கும் வடிவம்), புள்ளிகளைத் தூவ வேண்டும். தொலைவுக்கு ஓர் அழகான சுருக்குவழி உண்டு. 0க்கும் 1க்கும் இடையே மூன்று சமவாய்ப்பு எண்களை எடுத்து மூன்றையும் பெருக்குங்கள். விடையின் இயல் மடக்கையைப் போர் ஆரத்தின் பாதியால் பெருக்கிக் குறியை மாற்றினால் ஒரு புள்ளியின் தொலைவு கிடைத்துவிடும். திசைக்கு, செங்குத்து அச்சோடு உண்டாகும் கோணத்தின் கொசைனை −1க்கும் +1க்கும் இடையே சமவாய்ப்பாக எடுங்கள்; சுற்றுக்கோணத்தை 0 முதல் 360 பாகை வரை. இதை 20,000 முறை செய்தால் போதும், மேகம் வந்துவிடும்.

தவறு இரண்டு இடத்தில் நடக்கும். மூன்று எண்ணுக்குப் பதில் ஒரே எண்ணை எடுத்தால், சராசரித் தொலைவு ஒன்றரைப் போர் ஆரம் வரவேண்டிய இடத்தில் அரை ஆரம்தான் வரும். கூடுகளின் பரப்பு வெளியே போகப்போக விரிகிறது என்பதைக் கணக்கில் விட்டதன் விளைவு அது. மேகம் நடுவில் சுருண்டு கிடக்கும். கொசைனுக்குப் பதில் கோணத்தையே சமவாய்ப்பாக எடுத்தால், புள்ளிகள் இரண்டு துருவங்களிலும் நெருக்கியடிக்கும். உருண்டையாக இருக்கவேண்டிய 1எஸ், மேலும் கீழும் கூர்மை கொண்ட, நூல் நூற்கும் கதிர்போல் தெரியும். பார்ப்பவர் அதையும் ஆர்பிட்டாலின் வடிவம் என்றே நம்பிவிடுவார். நிரலில் ஒரு வரிப் பிழை, இயற்பியலாக வேடம் போட்டு நிற்கும்.

அடுத்த ஆற்றல்நிலையில் வருவது 2எஸ். இதில் 106 பிகோமீட்டர் தொலைவில் ஒரு கணு உண்டு. அந்தக் கூட்டில் எலக்ட்ரான் அகப்படுவதற்கான வாய்ப்பு சுழி. படத்தில் இந்த இடைவெளி தெரிய வேண்டும் அல்லவா? முப்பரிமாண மேகத்தை அப்படியே தட்டையாக்கித் திரையில் போட்டால் தெரியாது. முன்னாலும் பின்னாலும் இருக்கும் புள்ளிகள் இடைவெளியை மூடிவிடும். கொய்யாப்பழத்தின் விதைவளையத்தைத் தோலுக்கு வெளியிலிருந்து பார்க்க முடியாது, வெட்டித்தான் பார்க்க வேண்டும். மையத்தின் வழியே 10 பிகோமீட்டர் தடிமனுள்ள ஒரு வில்லையில் விழும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். 1எஸ்ஸில் நூற்றுக்கு ஒன்பது புள்ளி மிஞ்சும். 2எஸ்ஸில் 1 லட்சம் போட்டால் 2,400 போலத்தான் மிஞ்சும். 2எஸ் படங்கள் பல நேரம் சோகையாகத் தெரிவதற்கு இதுவே காரணம்: தூவிய எண்ணிக்கை போதவில்லை.

வேதியியல் நூல்களில் வரும் பலூன்களும் டம்பெல்களும் வேறு வழியில் வருபவை. எலக்ட்ரான் 90 சதவீத வாய்ப்போடு இருக்கும் பகுதியைச் சுற்றி ஒரு தோல் போர்த்துகிறார்கள். ஹைட்ரஜன் 1எஸ்ஸுக்கு அந்தத் தோலின் ஆரம் 141 பிகோமீட்டர். 99 சதவீதம் வேண்டுமென்றால் 222. இரண்டும் ஒரே அணுதான். எனவே அந்த விளிம்பு அணுவினுடையது அன்று, வரைந்தவர் தேர்ந்தெடுத்த சதவீதத்தினுடையது. பி ஆர்பிட்டாலின் ஒரு மடலுக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமும் பூசுவது எலக்ட்ரான் அலையை விவரிக்கும் அலைச்சார்பின் குறியைக் காட்ட. ஒன்று நேர்மம், மற்றது எதிர்மம். மின்னூட்டத்துக்கும் அந்த நிறங்களுக்கும் தொடர்பே இல்லை. படத்துக்குக் கீழே இதைச் சொல்லும் ஒரு வரி இல்லாததால், இரண்டு மடலுக்கும் எதிரெதிர் மின்னூட்டம் என்று எண்ணிக்கொள்வது எளிது.

காணொளிகளில் இந்தப் புள்ளிகள் ஈக்கூட்டம்போல் துடிதுடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நிலைத்த ஆற்றல்நிலையில் அந்த அடர்த்தி காலத்தோடு மாறுவதே இல்லை. ஹைட்ரஜனில் இருப்பதோ ஒரே எலக்ட்ரான். ஒவ்வொரு புள்ளியும் ஒரே மாதிரித் தயாரித்த வேறுவேறு அணுக்களில் செய்த வேறுவேறு அளவீட்டின் விடை என்றுதான் படிக்க வேண்டும்.

நிறம் பூசிய புரோட்டான்

இனி அந்த மூன்று உருண்டைகள். குவார்க்குகளின் 'நிறம்' என்பது ஒருவகை மின்னூட்டம் போன்றது. ஆனால் ஒன்றுக்குப் பதில் மூன்று வகை. மூன்றும் சேர்ந்தால் வெளியே எதுவும் தெரியாதபடி சமன்படுவதால், சிவப்பு, பச்சை, நீல ஒளி சேர்ந்து வெள்ளையாவதை நினைத்து அந்தப் பெயர் வந்தது. புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்று பெயர் வைத்திருந்தால் எந்த ஓவியரும் வண்ணப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார். பெயர் உவமையாக வந்தது, படத்தில் அது பொருளாகிவிட்டது. இன்ன குவார்க் சிவப்பு என்று நிலையாகச் சொல்லவும் முடியாது. குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான் என்ற துகள்கள் ஓயாமல் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

நிறத்தைவிடப் பெரிய பிழை நிறைக் கணக்கில் இருக்கிறது. புரோட்டானில் 'மேல்' என்ற வகைக் குவார்க் இரண்டு, 'கீழ்' என்ற வகைக் குவார்க் ஒன்று. துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகான எலக்ட்ரான்வோல்ட்டில் சொன்னால், மேல் குவார்க்கின் நிறை சுமார் 2.2 மெகா எலக்ட்ரான்வோல்ட், கீழ் குவார்க்குடையது சுமார் 4.7. கூட்டினால் 9.1. புரோட்டானின் நிறையோ 938. அதாவது படத்தில் கண்ணைப் பறிக்கும் மூன்று உருண்டைகளும் மொத்த நிறையில் ஒரு சதவீதம். மீதியெல்லாம் குளுவான் புலத்தின் ஆற்றலும், அடைபட்ட குவார்க்குகளின் இயக்க ஆற்றலும். ஓவியர் மெல்லிசாக வரைந்த சுருள்கம்பியில்தான் புரோட்டானின் பாரம் இருக்கிறது. ஹாம்பர்க் நகரின் டெசி ஆய்வகத்தில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹெரா முடுக்கி, எலக்ட்ரானைப் புரோட்டானில் மோதவிட்டுப் பார்த்தது. எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறோமோ அவ்வளவுக்குக் குளுவான்களும், குவார்க்–எதிர்க்குவார்க் சோடிகளும் பெருகித் தெரிந்தன. 'மூன்று' என்பது குவார்க்குகளிலிருந்து எதிர்க்குவார்க்குகளைக் கழித்தபின் நிற்கும் மிச்சம்.

சுருள்கம்பி என்ற உவமையும் பாதிவரைதான் போகும். சுருள்கம்பியை இழுக்க இழுக்க விசை ஏறும். குவார்க்கை விலக்கினால் விசை ஏறிக்கொண்டே போவதில்லை, ஓர் எல்லைக்குமேல் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது: ஒரு ஃபெம்டோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிகா எலக்ட்ரான்வோல்ட். நம் கணக்கில் அது 16 டன் எடையைத் தூக்கும் விசை. இழுத்துக்கொண்டே போனால் அந்த ஆற்றலில் புதிய குவார்க்–எதிர்க்குவார்க் சோடி பிறந்து, குவார்க்குகளைப் பிணைத்த இழை இரண்டாகிறது. தனிக் குவார்க் கைக்கு வருவதே இல்லை.

இந்த உருண்டைப் படத்துக்கு மாற்றாகப் புகழ்பெற்றது, ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டெரெக் லைன்வெபர் உருவாக்கிய அசைபடம். வண்ணக் குமிழ்கள் எண்ணெய் விளக்கில்போல் ஊர்ந்து, இணைந்து, பிரியும். இயற்பியலாளர் ஃபிராங்க் வில்செக் 2004ஆம் ஆண்டின் நோபல் உரையில் இதைக் காட்டினார். இது கணக்கிட்டு வரைந்த வகை, 2.4க்கு 2.4க்கு 3.6 ஃபெம்டோமீட்டர் பெட்டியில் குளுவான் புலத்தின் ஏற்ற இறக்கம். கணினி தரும் மூலத் தரவு கரடுமுரடான இரைச்சல். முதலில் அதை மழுக்கி, பிறகு ஒரு வரம்புக்கு மேலுள்ள பகுதிகளுக்கு மட்டும் நிறம் கொடுக்கிறார்கள். வரம்பை இறக்கினால் பெட்டியே நிறைந்துவிடும். இவ்வளவும் நியாயமான வேலை. அந்தப் படத்தை எடுத்து 'புரோட்டானின் உட்புறம்' என்று தலைப்பிடுவதுதான் அநியாயம். அது காட்டுவது துகளே இல்லாத வெற்றிடத்தை.

துகள்களின் உள்ளார்ந்த பண்பான தற்சுழற்சியைப் (ஸ்பின்) பம்பரமாகக் காட்டும் அசைபடங்களுக்கு ஒரு பத்தி போதும். எலக்ட்ரானை அதன் 'செவ்வியல் ஆரம்' எனப்படும் 2.8 ஃபெம்டோமீட்டர் உருண்டை என்று வைத்து, அளந்த தற்சுழற்சி வரும்படி சுழற்றினால், நடுக்கோட்டின் வேகம் ஒளியைப்போல் 170 மடங்கு வருகிறது. இன்னும் சிறிய உருண்டை என்றால் நிலைமை இன்னும் மோசம். இயற்பியலாளர்கள் உலென்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் 1925இல் தற்சுழற்சிக் கருத்தை முன்வைத்தபோதே மூத்த இயற்பியலாளர் லோரன்ட்ஸ் எழுப்பிய தடை இதுதான். நூறு ஆண்டாகியும் பம்பரம் நிற்கவில்லை. துகள்வினைகளைக் கணக்கிட உதவும் கோட்டுப்படங்களான ஃபெய்ன்மன் வரைபடங்களைத் துகள்களின் வழித்தடமாக அசைத்துக் காட்டுவதும் இதே இனம். அந்தக் கோடுகள் ஒரு கணக்கின் உறுப்புகள், வழித்தடங்கள் அல்ல.

கோடுகள் மட்டும் பொய் சொல்வதில்லை

பதிவுகளுக்கு வருவோம். சி. டி. ஆர். வில்சன் 1911இல் முகிலறையில் (ஆவி நிரம்பிய பெட்டியில்) எடுத்த படங்கள் தொடங்கி, துகளின் தடம் என்பது உண்மையான ஒளிப்படம். மின்னூட்டமுள்ள துகள் ஆவிக்குள் பாயும்போது வழியிலுள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிட்டுப் போகிறது. அந்த அயனிகளைச் சுற்றி ஆவி துளியாகப் படிகிறது. வானில் விமானம் தெரியாமல் போனாலும் அதன் வெண்கோடு நிற்பதுபோல, நாம் காண்பது துளிகளின் வரிசையை.

ஒரே ஒரு கோட்டிலிருந்து எவ்வளவு படிக்கலாம் என்பதற்கு 1932இல் கார்ல் ஆண்டர்சன் எடுத்த படமே சாட்சி. முகிலறையின் குறுக்கே 6 மில்லிமீட்டர் ஈயத் தகடு, சுற்றிலும் காந்தப்புலம். தகட்டுக்குக் கீழே கோடு லேசாக வளைகிறது, மேலே கூடுதலாக வளைகிறது. ஆற்றல் குறைந்தால்தான் வளைவு கூடும். எனவே துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. ஈயத்தில் ஆற்றலை இழந்து 63 மெகா எலக்ட்ரான்வோல்ட் 23 ஆகியிருக்கிறது. திசை தெரிந்தால் வளைந்த பக்கம் மின்னூட்டத்தைச் சொல்லிவிடும்: நேர்மம். அப்படியானால் புரோட்டானா? மேல்பகுதி வளைவுள்ள ஒரு புரோட்டான் போகக்கூடிய தூரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு நீளம் இருந்தது அந்தக் கோடு. எலக்ட்ரானின் நிறை, எதிர் மின்னூட்டம்: பாசிட்ரான். கறுப்பு வெள்ளை, கீறல்கள், மங்கல். ஆனாலும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேசுகிறது.

இந்த வகைப் படத்தை வீட்டு மேசையிலேயே உண்டாக்கலாம். சின்ன மீன்தொட்டியின் அடிப்பகுதி மேலே வரும்படி கவிழ்த்து, அதன் உட்புறத்தில் கம்பளித் துண்டை ஒட்டி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைக்க வேண்டும். வாய்ப்பகுதியைக் கறுப்பு உலோகத் தகட்டால் மூடி, விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, தகட்டை −78 பாகையிலுள்ள உலர்பனிமேல் வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தகட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஆவி பூரிதத்தைத் தாண்டி நிற்கும். தடம் விழுவது அந்த மெல்லிய அடுக்கில்தான். குட்டையும் தடிப்புமான கோடு ஆல்ஃபா துகள். நேரான மெல்லிய கோடு பெரும்பாலும் விண்ணிலிருந்து வந்த மியூவான், அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். குடிகாரன் நடைபோல் நெளிவது ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்.

எதுவும் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் 30 சதவீதம் தண்ணீர் இருக்கும். அது தகட்டில் உறைந்து காரியத்தைக் கெடுக்கும். விளிம்பு கசிந்தால் காற்றோட்டத்தில் தடங்கள் சுழன்று கலையும். டார்ச்சை மேலிருந்து அடித்தால் தகடுதான் மின்னும். பக்கவாட்டில், தகட்டை ஒட்டி அடிக்க வேண்டும். மேல்பக்கம் குளிர்ந்துவிட்டால் ஆல்கஹால் ஆவியாகாது. வெந்நீர்ப் பை ஒன்றை மேலே வைத்தால் சரியாகும். ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு கூடாது. உலர்பனியைக் கையுறையோடுதான் தொட வேண்டும், காற்றுப்புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது, அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான் என்பது கணக்கு. 20க்கு 20 சென்டிமீட்டர் தகட்டில் 400 விழ வேண்டும். அத்தனை கோடு தெரியாது. செங்குத்தாக வருபவை அந்த ஒரு சென்டிமீட்டர் அடுக்கில் சின்னக் குச்சியாக முடிந்துவிடும். சாய்ந்து வருபவையே நீண்ட கோடுகள்.

1952இல் டொனால்ட் கிளேசர் உருவாக்கிய குமிழறை இதே வேலையைத் திரவத்தில் செய்தது. சுவரொட்டிகளில் வரும் அழகான சுருள்கள் அங்கிருந்து வந்தவை. மூலம் கறுப்பு வெள்ளை, வண்ணம் பின்னால் பூசியது. சுருள் அலங்காரமில்லை: எலக்ட்ரான் திரவத்தில் ஆற்றலை இழக்க இழக்க வளைவின் ஆரம் சுருங்குகிறது. ஒரு படம் போலியா என்று சோதிக்க எளிய வழி இதிலேயே இருக்கிறது. காமாக் கதிரின் ஒளித்துகள் எலக்ட்ரான்–பாசிட்ரான் சோடியாக மாறும் இடத்தில் இரண்டு சுருளும் எதிரெதிர்த் திசையில் திரும்ப வேண்டும். அந்த இடத்துக்கு வரும் வழியில் கோடே இருக்கக் கூடாது, ஏனென்றால் மின்னூட்டமற்றவை தடம் விடுவதில்லை. ஓவியர் இட்டுக்கட்டிய படத்தில் எல்லாச் சுருளும் ஒரே பக்கம் சுழலும், நடுவே நட்சத்திரம் வெடித்ததுபோல் ஒரு வெளிச்சம் இருக்கும். எந்த முகிலறையிலும் குமிழறையிலும் அப்படியொரு வெளிச்சம் கிடையாது.

ஹிக்ஸின் 'புகைப்படம்'

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் உணர்கருவி 2012இல் வெளியிட்ட ஒரு படம் உலகம் சுற்றியது. மஞ்சள் கோடுகளின் கொத்து, அதிலிருந்து எதிரெதிராகப் பாயும் இரண்டு பச்சைத் தூண்கள். பல செய்திகளில் இது, மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகளான ஹிக்ஸ் போசானின் படம் என்றே வந்தது. கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்போம்.

மஞ்சள் கோடுகள் மின்னூட்டமுள்ள துகள்களின் பாதைகள். ஆனால் ஒளிப்படமல்ல; சிலிக்கான் தகடுகளில் பதிவான தனித்தனிப் புள்ளிகளைக் கணினி வளைகோடாக இணைத்தது. 3.8 டெஸ்லா காந்தப்புலம் அவற்றை வளைக்கிறது. பச்சைத் தூண்கள், 75,848 ஈய டங்ஸ்டேட் படிகங்கள் கொண்ட அடுக்கில் ஒளித்துகள்கள் கொட்டிய ஆற்றல். தூணின் நீளம் ஆற்றலின் அளவு. அந்த இடத்தில் நிஜமாக எந்தத் தூணும் எழவில்லை, அது உணர்கருவியின் மேல் ஒட்டிய பட்டை வரைபடம். ஒளித்துகளின் வழி புள்ளிக்கோடாக இருப்பதைக் கவனியுங்கள்: இங்கே எதையும் அளக்கவில்லை, ஊகித்து வரைந்தோம் என்று அர்த்தம். இந்த நேர்மைதான் செர்ன் படங்களில் பிடித்தது. பத்திரிகைகள் மறுபடி வரையும்போது முதலில் காணாமல் போவதும் அந்தப் புள்ளிக்கோடுதான்.

படம் இவ்வளவு துப்புரவாக இருப்பது இன்னொரு தேர்வு. இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது ஒவ்வொரு புரோட்டான் அல்ல, 10,000 கோடிக்கும் அதிகமான புரோட்டான் கொண்ட கொத்துகள். அவை ஒன்றையொன்று ஊடுருவும்போது 2012இல் சராசரியாக இருபது மோதல்தான் நடந்தது. கோலிக்குண்டு இரண்டு நேருக்கு நேர் மோதும் அசைபடத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இருபது மோதலின் எல்லாத் தடத்தையும் வரைந்தால் பிரிந்த நூற்கண்டுபோல் இருக்கும். எனவே குறிப்பிட்ட உந்தத்துக்குக் கீழுள்ளவற்றை மறைக்கிறார்கள். 2014 முதல் செர்ன் தன் தரவின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்திருக்கிறது. உலாவியிலேயே ஒரு நிகழ்வைத் (கொத்துகள் ஊடுருவிய ஒரு தடவையின் பதிவை) திறந்து, அந்த வரம்பை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ஒரே நிகழ்வு ஒருபக்கம் குப்பையாகவும் ஒருபக்கம் கோலமாகவும் மாறும்.

ஹிக்ஸ் எங்கே? அதன் ஆயுள் சுமார் 1.6 நொடியை லட்சம் கோடியால் வகுத்து, விடையை இன்னொரு 1,000 கோடியால் வகுத்தால் வரும் நேரம். ஒளி அதற்குள் 48 ஃபெம்டோமீட்டர் போகும். அந்நாளைய சிஎம்எஸ் உணர்கருவியின் மிகச்சிறிய சிலிக்கான் கட்டம் 100 மைக்ரோமீட்டர் அகலம். ஹிக்ஸ் போன தூரத்தைப்போல் 200 கோடி மடங்கு. படத்தில் அது இல்லை, இருக்கவும் முடியாது. அந்த இரண்டு ஒளித்துகளும் ஹிக்ஸிலிருந்து வந்தனவா, வேறு சாதாரண வினையில் பிறந்தனவா என்று ஒரே நிகழ்வை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 2012 ஜூலை 4 அன்று அறிவிப்புக்கு ஆதாரமாக நின்றது இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோட்டில் 125 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே எழுந்த ஒரு சின்ன மேடு. ஹிக்ஸுக்கு உருவப்படம் என்று ஒன்று வேண்டுமானால் அந்த மேடுதான் அது. சுவரில் மாட்ட அழகில்லை.

'அணுவின் புகைப்படம்' என்று வருபவையும் இதே மாதிரி அவிழ்த்துப் பார்க்க வேண்டியவை. ஐபிஎம் ஆய்வகத்தில் 1993இல் தாமிரத்தின்மேல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக அடுக்கிய படத்தில், உள்ளே தெரியும் வளைய அலைகள் எலக்ட்ரான்களுடையவை. ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டம் மாறாமலிருக்க முனை ஏறி இறங்கிய உயரம்தான் மேடு பள்ளமாகிறது. அலை உண்மை. செம்பழுப்பு நிறமும் நிழலும் பூச்சு. உயரம் பல மடங்கு ஊதியது. 2018இல் பிரிட்டனில் பரிசு பெற்ற ஒற்றை ஸ்ட்ரான்சியம் அணுவின் படமோ நேர்மாறு. சாதாரணக் கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தது. 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள மின்முனைகளின் நடுவே ஒரு நீலப்புள்ளி. ஒளி அந்த ஒற்றை அணுவிலிருந்து வந்தது. புள்ளியின் அகலம் மட்டும் லென்ஸுடையது.

கடைசியாக, ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்துக்குள் 50,000 டன் நீரோடு இருக்கும் சூப்பர் கமியோகாண்டே எடுத்த சூரியன். எதையும் ஊடுருவிப் போகும், மின்னூட்டமற்ற துகளான நியூட்ரினோ எப்போதாவது நீரிலுள்ள எலக்ட்ரானைத் தட்ட, அது ஒளிவளையம் வீச, 11,000க்கும் மேற்பட்ட ஒளிக்குழாய்கள் அதைப் பதிவுசெய்யும். மியூவான் வளையத்துக்கு விளிம்பு கூர்மை. எலக்ட்ரான் நீரில் சிதறிச் சிதறிப் போவதால் அதன் வளையம் கலங்கல். அதே சிதறலால் நியூட்ரினோ எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் மங்கலாகவே தெரியும். சுமார் 500 நாள் தரவைச் சேர்த்து, சூரியன் இருந்த திசையை மையமாக வைத்து வரைந்த படம் அது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், சிவப்பு என்று பெரிய உருண்டையாகத் தெரியும். நிறங்கள் நியூட்ரினோக்களின் எண்ணிக்கை. வானில் 90 பாகை அகலத்தை அது அடைத்திருக்கிறது. சூரியனின் உண்மையான அகலம் அரைப் பாகை, படத்தில் 180இல் ஒரு பங்கு. அந்த 500 நாளில் இரவுகளும் அடக்கம். சூரியன் பூமியின் மறுபக்கம் இருந்தபோதும் பதிவு நடந்துகொண்டுதான் இருந்தது.